காண்டாக் கம்பும் சுழியமும்

மலேசியப் பள்ளி இயற்பியலில் ஒளி, வெப்பம், அலை என்று எத்தனையோ பாடங்கள். அவற்றுக்கெல்லாம் மாணவர்கள் கேள்வி கேட்பார்கள். 'வேலை' என்ற பகுதி வரும்போது மட்டும் வகுப்பு வாயைத் திறக்காது. புத்தகத்தில் அது இரண்டு மூன்று பக்கம்தான். ஒரு பொருளின் மேல் செயல்படும் விசையை, அந்த விசையின் திசையில் பொருள் நகர்ந்த தூரத்தால் பெருக்கினால் வருவது வேலை. ஒரு நியூட்டன் விசை ஒரு மீட்டர் நகர்த்தினால் ஒரு ஜூல். அடுத்து ஒரு படம் வரும். ஓர் ஆள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மட்டமான தரையில் நடக்கிறார். பெட்டியின் மேல் அவர் செய்யும் வேலை எவ்வளவு? தூக்கிப் பிடிக்கும் விசை மேல்நோக்கி இருக்கிறது. நகர்வு பக்கவாட்டில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே செங்கோணம். விடை சுழியம்.

ஈப்போவில் நான் பாடம் நடத்திய வகுப்புகளில், ரப்பர் தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளைகள் எப்போதும் இருந்தார்கள். தோட்டங்கள் கைமாறி, துண்டாகி, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போன பிறகு, புந்தோங்கிலும் சுங்கை சிப்புட் தாமான்களிலும் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் வந்தார்கள். அவர்களுடைய அம்மாவோ பாட்டியோ பால்வாளி சுமந்தவர்கள். இந்தப் பிள்ளைகள் 'சுழியம்' என்று எழுதுவார்கள், மதிப்பெண் வாங்குவார்கள், ஆனால் நம்ப மாட்டார்கள். நம்பாத ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதுதான் அறிவியல் என்று பழகிக்கொள்வார்கள். ஒரு பிள்ளைக்கு வகுப்பறையில் நேரக்கூடியவற்றில் இதைவிட மோசமானது எனக்குத் தெரியாது. அதனால்தான் இந்த ஒரு சுழியத்துக்குப் பாடத்திட்டம் ஒதுக்கியதைவிடப் பல மடங்கு நேரம் கொடுத்தேன்.

நானும் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் லயத்து வீட்டில் பிறந்தவன். பால்மரம் வெட்டுவது எப்படி என்பதை வகுப்பில் நான் சொல்லத் தொடங்கினால் முதலில் இயற்பியல் மாதிரி இருக்காது. ஆனால் அதில் இயற்பியல் நிறைய இருக்கிறது.

விடியுமுன் பெரட்டு. பேர் கூப்பிட்டு முடிந்ததும் அவரவர் நிரைக்குப் போவார்கள், தலையில் விளக்கோடு. இருட்டில் தொடங்குவதற்குக் காரணம் கங்காணியும் இல்லை, துரையும் இல்லை, மரம். இரவில் இலைகள் நீரை அதிகம் இழப்பதில்லை. அதனால் பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் விடியற்காலையில்தான் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏற ஏற அழுத்தம் இறங்கும், பால் குறையும். ஆகவே 400, 500 மரங்களைச் சில மணி நேரத்துக்குள் வெட்டியாக வேண்டும். நேரம் என்பது இந்தத் தொழிலில் மரம் போட்ட கெடு.

வெட்டும் சாதாரண வெட்டு இல்லை. இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, ஏறக்குறைய 30 பாகை சரிவில், மரத்தின் பாதிச் சுற்றளவுக்கு ஓடும் கோடு. பால்குழாய்கள் பட்டைக்குள் நேர் மேலாக ஏறாமல் சில பாகை வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. இந்தச் சரிவில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் திறக்கும். ஒவ்வொரு தடவையும் சீவுகிற பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் போல இருக்கும். ஆழத்தில் இன்னும் கணக்கு. மரத்தைப் பருக்கச் செய்யும் மெல்லிய படலம் உள்ளே இருக்கிறது. அதற்கு ஒரு மில்லிமீட்டர் இருக்கும்போதே உளி நின்றுவிட வேண்டும். முன்னாலேயே நின்றால் பால் குறையும். தாண்டிப் போனால் காயம்பட்ட இடம் முண்டும் முடிச்சுமாகி, பட்டை மீண்டும் வளரும்போது அந்த இடத்தில் ஒழுங்காக வெட்ட முடியாது. மேற்பார்வை பார்க்கும் மண்டோர் வந்து தடவிப் பார்ப்பது அந்தக் காயத்தைத்தான்.

இதை வகுப்பில் கணக்காக்குவோம். உளியை இழுக்க 40 நியூட்டன் விசை என்று வைத்துக்கொள்வோம். வெட்டுக்கோட்டின் நீளம் 40 செண்டிமீட்டர். ஒரு மரத்துக்கு 16 ஜூல். 500 மரத்துக்கு 8,000 ஜூல். பக்கத்திலேயே இன்னொரு எண்ணையும் எழுதுவேன். காலையில் சாப்பிடும் ஒரு ரொட்டி சானாயில் 300 கிலோ கலோரி அளவுக்கு இருக்கும். அது ஏறக்குறைய 12.5 லட்சம் ஜூல். 500 மரத்தை வெட்டிய உளியின் வேலை அதில் நூற்றைம்பதில் ஒரு பங்குகூட இல்லை. வகுப்பு நிமிர்ந்து உட்காரும் இடம் இது. ஒரு ரொட்டியின் ஓரத்தைக் கிள்ளிப்போட்டால் 500 மரம் வெட்டிவிடலாம் என்றால், பத்து மணிக்கே அம்மாவின் முகம் ஏன் அப்படி இருந்தது?

விடையை உடனே சொல்ல மாட்டேன். முதலில் விசைக்கும் தூரத்துக்கும் உள்ள கொடுக்கல் வாங்கலைப் பிள்ளைகள் ஒத்துக்கொள்ள வேண்டும். அதில் அவர்களுக்குச் சிரமமே இருந்ததில்லை, ஏனென்றால் தோட்டத்தில் எல்லாரும் பார்த்தது. பால் நிரப்பிய பீப்பாயை லோரியில் ஏற்ற வேண்டும். 200 கிலோ என்று வைத்துக்கொண்டால் நேராகத் தூக்க 1,960 நியூட்டன் வேண்டும். லோரித் தட்டு 1.2 மீட்டர் உயரம். 3 மீட்டர் பலகையைச் சாய்த்துப் போட்டு உருட்டினால், உராய்வை விட்டுவிட்டால், 784 நியூட்டன் போதும். இரண்டு ஆள் தள்ளினால் ஆளுக்கு 392. நேராகத் தூக்கினாலும் வேலை 2,352 ஜூல், பலகையில் உருட்டினாலும் 2,352 ஜூல். விசையில் மிச்சம் பிடித்ததைத் தூரத்தில் கட்டிவிட வேண்டும். சீட் ரப்பர் உருட்டும் கைமிஷினும் இதே கதைதான்: நீளமான கைப்பிடியும் பல்சக்கரமும் இருப்பதால் ஒரு சின்னப் பையன்கூட அதைச் சுற்றலாம், ஆனால் பல சுற்று சுற்றினால்தான் உறைந்த பால் கொஞ்சம் உள்ளே நகரும். எந்த இயந்திரமும் ஜூலை உண்டாக்கித் தருவதில்லை. நமக்குத் தோதான விசையாக மாற்றித் தருகிறது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் நிறுத்திவிடும் ஆசிரியர்கள் உண்டு. நான் டிக்கர் டேப் கருவியை எடுப்பேன். மலேசியாவில் இயற்பியல் படித்தவர்களுக்கு அதன் சத்தம் மறக்காது. நீளமான காகித நாடா தள்ளுவண்டியின் பின்னால் ஓடும். அதிரும் ஊசி ஒரு வினாடிக்கு 50 புள்ளி வைக்கும். அந்த 50 எங்கிருந்து வருகிறது என்று கேட்பேன். சுவரிலுள்ள மின்சாரத்திலிருந்து. நாட்டின் மின்சாரம் முழுவதும் வினாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைகிறது. அந்தத் தாளத்தைக் கட்டிக் காக்கும் சுழலிகளில் பேராக் ஆற்றின் தெமெங்கோர், கெனெரிங், பெர்சியா, செண்டரோ அணைகளின் சுழலிகளும் அடக்கம். செண்டரோ 1930இலேயே கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்காக மின்சாரம் தரத் தொடங்கிய அணை. நம் மேசையில் நேரத்தை அளப்பதில் மேலே மலையில் விழும் தண்ணீருக்கும் பங்கு உண்டு. எனக்கு இதைச் சொல்வதில் எப்போதும் சந்தோஷம்.

சோதனை எளியது. ஒரே ரப்பர் கயிற்றை ஒரே நீளத்துக்கு இழுத்துப் பிடித்தபடி முதலில் ஒரு வண்டியை இழுப்போம், பிறகு ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய இரண்டு வண்டிகளை. விசை ஒன்றே. இரண்டு தடவையும் ஒரே தூரம் இழுத்தால், உராய்வைச் சரிக்கட்டிய பாதையில், இரண்டுக்கும் ஒரே இயக்க ஆற்றல் கிடைக்கிறது. ஒரே நேரம் இழுத்தால் கதை மாறுகிறது: இரண்டுக்கும் ஒரே உந்தம், ஆனால் ஒற்றை வண்டி அதே நேரத்தில் இரட்டிப்புத் தூரம் ஓடிவிடுவதால் ஆற்றலும் அதற்கு இரட்டிப்பு. விசையைத் தூரத்தால் பெருக்கினால் ஆற்றல். விசையை நேரத்தால் பெருக்கினால் உந்தம். இரண்டும் வேறு வேறு கணக்கு. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் லைப்னிட்ஸ் டெகார்ட்டின் கருத்தை எதிர்த்துக் கிளப்பிய விவாதம் இதைப் பற்றித்தான். இயக்கத்தின் அளவு எது என்று ஐரோப்பாவின் பெரிய தலைகள் பல பத்தாண்டுகள் மோதிக்கொண்டன. ஈப்போவில் பதினாறு வயதுப் பிள்ளைகள் இரண்டு நாடாவை வெட்டி ஒட்டி ஒரு பிற்பகலில் பார்த்துவிடுகிறார்கள்.

இப்போது காண்டா வாளிக்கு வரலாம்.

மரத்தில் கட்டிய மங்குகளில் வடிந்த பாலை வாளியில் ஊற்றிச் சேர்த்து, இரண்டு வாளியையும் காண்டாக் கம்பின் இரு முனையில் மாட்டி, தோளில் தூக்கி, பால் நிறுக்கும் ஸ்டோருக்கு நடக்க வேண்டும். இரண்டும் நிறைந்தால் 40 கிலோ என்று வைத்துக்கொள்வோம். குந்தியிருந்து எழும்போது வாளி அரை மீட்டர் உயர்கிறது: 196 ஜூல். பிறகு மட்டமான பாதையில் ஒரு கிலோமீட்டர் நடந்தாலும் புவியீர்ப்பை எதிர்த்து வாளியின் மேல் செய்யும் வேலை சுழியம். இந்தச் சுழியம் சரி. இதில் தந்திரம் எதுவும் இல்லை. ஒரு கிலோமீட்டர் கழித்து வாளி அதே உயரத்தில், நின்ற நிலையில் இருக்கிறது. அதற்கு எந்த ஆற்றலும் கூடவில்லை. புத்தகம் வாளியைப் பற்றிக் கேட்டது; வாளியைப் பற்றிய விடை சுழியம். சுமந்தவரைப் பற்றிப் புத்தகம் கேட்கவே இல்லை. அந்தக் கேள்வியை வகுப்பில் நாம்தான் கேட்க வேண்டும்.

ஒரு மாணவனை எழுப்பி, கையை நீட்டி ஒரு கிலோ எடைக்கல்லைப் பிடிக்கச் சொல்வேன். பக்கத்தில் மேசை மேல் இன்னொரு கல். மேசையும் கல்லை அதே 9.8 நியூட்டன் விசையில்தான் தாங்குகிறது. கொஞ்ச நேரத்தில் பையனின் கை நடுங்கும், மேசைக்கு ஒன்றும் ஆகாது. இரண்டு கல்லும் நகரவில்லை, இரண்டின் மேலும் வேலை சுழியம். ஆனால் தசை மேசையைப் போல் இல்லை. தசைக்குள் மயோசின் என்ற புரதத்தின் நுண்ணிய தலைகள் ஆக்டின் இழையைப் பற்றி இழுக்கின்றன, விடுகின்றன, மறுபடி பற்றுகின்றன. ஒவ்வொரு பற்றலுக்கும் ஏடிபி என்ற மூலக்கூறு ஒன்று செலவு. வெளியே கல் அசையாமல் நிற்க, உள்ளே கோடிக்கணக்கான சின்ன இழுப்புகள். அந்த ஆற்றல் எல்லாம் வெப்பமாகிறது. சில சிப்பி இனங்களின் தசைக்கு வேறு ஏற்பாடு இருக்கிறது. ஓட்டை மூடிக்கொண்டதும் பூட்டுப் போட்டமாதிரி அப்படியே நின்றுவிடும், மிகக் குறைந்த செலவில் மணிக்கணக்கில் தாங்கும். நமக்கு அந்தப் பூட்டு இல்லை. தாங்கும் நேரம் முழுவதும் செலவு ஓடிக்கொண்டே இருக்கும்.

ஆக, புத்தகம் வாளிக்கு விசையையும் தூரத்தையும் பெருக்கச் சொல்கிறது. உடலோ, அசையாமல் தாங்கும்போது, பெரும்பாலும் விசைக்கும் நேரத்துக்கும் ஏற்றபடி செலவழிக்கிறது. டிக்கர் டேப்பில் பார்த்த இரண்டு கணக்கும் இங்கே ஒரே ஆளின் தோளில் வந்து நிற்கின்றன. மாணவர்கள் இதைத் தாங்களே கண்டு சொல்லும்வரை காத்திருப்பேன். வழக்கமாகப் பின்வரிசையிலிருந்து யாராவது சொல்வார்கள்: "சார், அப்படினா மெதுவா நடந்தா இன்னும் அதிகமா களைச்சுப் போவாங்களா?" ஆமாம். சுமையோடு மிக மெதுவாக நடப்பது மிச்சம் இல்லை; தாங்கும் நேரம் நீள்கிறது. ரொம்ப வேகமாக நடந்தாலும் செலவு கூடுகிறது. நடுவில் ஒரு வேகம் இருக்கிறது. தோட்டத்துப் பெண்கள் ஓட்டமும் நடையுமாகப் போனது ஸ்டோர் மூடும் நேரத்துக்கு மட்டும் பயந்து இல்லை.

இன்னும் முடியவில்லை. மட்டமான பாதை என்றோம். நடக்கிற உடல் மட்டமாகப் போவதில்லை. ஒவ்வோர் அடியிலும் உடலின் எடைமையம் நாலு செண்டிமீட்டர் அளவுக்கு ஏறி இறங்குகிறது. 50 கிலோ உடலும் 40 கிலோ சுமையும் சேர்ந்து அவ்வளவு ஏறினால் அடிக்கு 35 ஜூல். கிலோமீட்டருக்கு 1,500 அடி வைத்தால் 53,000 ஜூலுக்குக் கொஞ்சம் குறைவு. இறங்கும்போது அதில் ஒரு பகுதிதான் அடுத்த அடிக்குத் திரும்பக் கிடைக்கும். உளி 500 மரத்தில் செய்த வேலையைவிட இது ஆறு மடங்குக்கும் மேல். காண்டாக் கம்பு வளைந்து கொடுப்பதும் இங்கேதான் கணக்குக்கு வருகிறது: உடல் ஏறும்போது வாளி அதே அளவுக்கு ஏறுவதில்லை, கம்பு வளைவதில் ஒரு பகுதி போய்விடும், தோளில் விழும் அதிர்வின் உச்சம் குறையும். விறைப்பான கம்பைவிட வளையும் கம்பை எல்லாரும் தேடியதன் காரணம் இது. பேராக் தோட்டங்கள் மேடும் பள்ளமுமாக இருப்பவை. மேட்டில் ஏறும்போது செலவு. பள்ளத்தில் இறங்கும்போது அந்தச் செலவு திரும்பி வருமா? வாளியின் ஆற்றல் குறையும், ஆனால் அது நம் தசைக்குள் சோறாகத் திரும்பிப் போகாது. இறங்கும்போது தொடைத்தசை இழுத்துப் பிடித்துப் பிடித்து, கிடைத்ததை வெப்பமாக்கிவிடும். மறுநாள் கால் வலிப்பதும் ஏறியதால் இல்லை, பெரும்பாலும் இறங்கியதால்.

இந்தக் கணக்கையெல்லாம் ஒன்றாகக் கட்டிய மனிதர்களில் ஒருவர் நம் பக்கம் வந்தவர் என்பது மாணவர்களுக்குத் தெரிய வேண்டும். ராபர்ட் மேயர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1840இல் டச்சுக் கப்பல் ஒன்றில் ஜாவாவுக்கு வந்தார். சுராபாயாவில் மாலுமிகளுக்கு நோய் கண்டபோது, அந்தக் கால வழக்கப்படி சிரையிலிருந்து இரத்தம் எடுத்தார். கருஞ்சிவப்பாக வரவேண்டிய இரத்தம் நல்ல சிவப்பாக வந்தது. தமனியை வெட்டிவிட்டோமோ என்று திகைத்தார். வெப்பநாட்டில் உடலைச் சூடாக வைத்திருக்கக் குறைவாக எரித்தால் போதும், அதனால் இரத்தத்தில் ஆக்சிஜன் மிஞ்சுகிறது என்று யோசித்தார். அந்த யோசனை அவரை உண்ணும் உணவு, உடலின் வெப்பம், கை செய்யும் வேலை மூன்றும் ஒரே கணக்கின் வரிகள் என்ற இடத்துக்குக் கொண்டுபோனது. 1842இல் அதை வெளியிட்டார். அதே பத்தாண்டில் மான்செஸ்டரில் ஜேம்ஸ் ஜூல், விழும் எடையால் தண்ணீரில் துடுப்பைச் சுழற்றி, தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்று அளந்து எண்ணைத் தந்தார். நம் அலகுக்கு அவர் பெயர். நியாயந்தான். ஆனால் பேராக் பிள்ளைக்கு நான் மேயரையும் சொல்லாமல் விட்டதில்லை. இந்த வியர்வை ஊறும் காற்றில்தான் அந்த எண்ணம் பிறந்தது.

வேலையின் வரையறை மட்டும் வேறு தேவைக்குப் பிறந்தது. பிரெஞ்சுப் பொறியாளர் கோரியோலிஸ் 1829இல் எழுதிய நூல் இயந்திரங்களின் பயனைக் கணக்கிடுவதைப் பற்றியது; விசையையும் தூரத்தையும் பெருக்கி வருவதை 'வேலை' என்று நிலைநிறுத்தியது அது. அதற்கு முன்னாலேயே ஜேம்ஸ் வாட் தன் நீராவி இயந்திரத்தை விற்பதற்காகக் குதிரைத் திறன் என்ற அளவைக் கட்டினார்: நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு, இன்றைய கணக்கில் 746 வாட். சுரங்கத்திலிருந்து இத்தனை எடைத் தண்ணீரை இத்தனை உயரத்துக்கு ஏற்றியது எந்த இயந்திரம், எவ்வளவு நேரத்தில் என்று சொல்ல வேண்டியிருந்தது. தண்ணீர் பம்புக்கு அது மிகப் பொருத்தமான அளவு. நம்மூரும் அதற்குச் சாட்சி. 1870களின் கடைசியில் லாருட் ஈயச் சுரங்கங்களில் நீராவிப் பம்பு வந்தபோது, பல ஆட்கள் மிதித்து இறைத்த தண்ணீரை ஓர் இயந்திரம் இறைத்தது. கோப்பேங் பக்கம் மலைநீரைக் குழாயில் இறக்கி, உயரத்தால் வந்த அழுத்தத்தைக் கொண்டே மண்ணைக் கரைத்தார்கள். ஏறிய உயரமும் இறங்கிய உயரமும்தான் அங்கே எல்லாம். இந்த அளவுகோலை அப்படியே எடுத்து ஒரு மனித உடலின் மேல் வைத்துவிட்டு 'சுழியம்' என்று சொல்லி அடுத்த பக்கம் புரட்டுவதைத்தான் நான் ஏற்கவில்லை.

திறன் பாடம் இதற்குப் பிறகு தானே நடக்கும். பள்ளி மாடிப்படிதான் ஆய்வுக்கூடம். எடையை அவரவர் தனியாகப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். பதின்ம வயதில் அதைச் சபையில் வாசிப்பது கொடுமை. படியின் மொத்த உயரம் 3.5 மீட்டர் என்றால், 45 கிலோ பையன் 4 வினாடியில் ஓடி ஏறினால் 386 வாட். 62 கிலோ மாணவி 5 வினாடியில் ஏறினால் 425 வாட். முதலில் வந்தவனைவிடப் பின்னால் வந்தவள் திறனில் கூட. இதைக் கரும்பலகையில் எழுதும்போது வகுப்பில் எழும் கூச்சல் எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஆனால் இந்த நானூறு வாட் சில வினாடிக்குத்தான். மெங்லெம்புவில் கிளெடாங் மலைக்கு விடுமுறையில் ஏறுகிறவர்களைக் கணக்கிடச் சொல்வேன். 60 கிலோ உடலை 750 மீட்டர் உயர்த்த 4,41,000 ஜூல். இரண்டு மணி நேரத்தில் ஏறினால் 61 வாட். பழைய குண்டு பல்பு ஒன்றுக்குப் போதுமான அளவு, அவ்வளவுதான். நாள் முழுவதும் உழைக்கும் ஒரு மனிதர் 75 வாட் அளவுக்குத் தாக்குப்பிடிக்கலாம் என்பது பொறியியலில் வழக்கமாக வைக்கும் கணக்கு. தசையின் பயனுறுதிறன் நாலில் ஒரு பங்கு. ஆகவே 75 வாட் வெளியே வர 300 வாட் எரிய வேண்டும். மீதி 225 வாட் வெப்பம். அதை வெளியேற்ற மணிக்கு மூன்றில் ஒரு லிட்டர் வியர்வை ஆவியாக வேண்டும். ரப்பர் மரத்தடியின் ஈரக்காற்றில் வியர்வை முழுவதும் ஆவியாகாது, சொட்டும்; சொட்டிய வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. எனவே இன்னும் அதிகம் வியர்க்கும். காலையில் கட்டிய முக்காடு பத்து மணிக்கு முறுக்கிப் பிழியும்படி நனைந்திருப்பதன் காரணம் இதுதான்.

அடுத்த கணக்கை மூத்த மாணவர்களுக்கு மட்டும் கொடுப்பேன். 75 வாட், 8 மணி நேரம்: 600 வாட்-மணி, அதாவது மின்கட்டணச் சீட்டில் வரும் யூனிட்டில் 0.6. வீட்டு மின்சாரத்தின் முதல் 200 யூனிட்டுக்கு நம் நாட்டில் பல ஆண்டுகள் யூனிட்டுக்கு 21.8 சென் கட்டணமாக இருந்தது. அந்தக் கட்டணத்தில், ஒரு மனிதர் ஒரு நாள் முழுவதும் உடலால் செய்யும் வேலையின் மின்சார விலை 13 சென்.

இந்த எண்ணை எழுதிவிட்டு நான் பேச மாட்டேன், பிள்ளைகள் பேசுவார்கள். தோட்டத்தில் கூலி எதற்குக் கிடைத்தது? ஜூலுக்கு இல்லை. ஸ்டோரில் வாளியை நிறுத்து, மெட்ரோலாக் மிதவையைப் பாலில் விட்டு எவ்வளவு ரப்பர் என்று பார்த்து எழுதினார்கள். பாலில் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர். சுமந்ததில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கூலிக்கணக்கில் இடமில்லை. அந்த ரப்பர் வந்தது எதனால்? ஒரு மில்லிமீட்டரில் உளியை நிறுத்திய கையால். இருட்டில், விளக்கு வெளிச்சத்தில், 500 தடவை. அந்தக் கைக்கு ஜூலில் அளவே இல்லை. வெட்டத் தெரியாதவர் அதே 40 நியூட்டனில், அதே 40 செண்டிமீட்டரில், அதே 16 ஜூலில் மரத்தைப் பாழாக்கிவிட முடியும். வாய்பாட்டில் இரண்டு பேரும் சமம். வாய்பாடு பொய் சொல்லவில்லை. அது எதை அளக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. எதை அளக்கவில்லை என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொண்டவர்தான் இயற்பியல் படித்தவர் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

செம்பனை வந்த பிறகு கணக்கு மாறியது. 20 கிலோ குலையை ஈட்டியால் குத்தி 1.5 மீட்டர் உயரத்தில் லோரிக்குள் எறிய 294 ஜூல். இங்கே வேலை அப்பட்டமாக உயரத்தில் இருக்கிறது, புத்தகத்துக்குள் நன்றாக அடங்குகிறது. அதனால்தான் இயந்திரமும் எளிதாக வந்துவிட்டது. கொக்கிக் கை பொருத்திய லோரி அதே குலையைச் சில வினாடியில் அள்ளிப் போடுகிறது. பால்வெட்டுக்கு அப்படியோர் இயந்திரம் தோட்டமெங்கும் பரவவில்லை. பரவாததன் காரணம் திறன் போதாததில் இல்லை. ஒரு மில்லிமீட்டரில் இருக்கிறது.

பணி ஓய்வுக்குப் பிறகு புந்தோங்கில் மாலை வகுப்பு எடுக்கிறேன். வேலை, திறன் பகுதிக்கு நான் தயாரித்த கேள்வித்தாளில் காண்டா வாளிக் கணக்கு ஒன்று இருக்கிறது. முதல் பகுதி: வாளியைத் தோளுக்கு உயர்த்தச் செய்த வேலை. இரண்டாவது: மட்டமான ஒரு கிலோமீட்டரில் வாளியின் மேல் செய்த வேலை, 'சுழியம்' என்று எழுதி, செங்கோணத்தைக் காட்டி, காரணம் சொன்னால்தான் முழு மதிப்பெண். மூன்றாவது பகுதிக்கு எண் கிடையாது: சுமந்தவர் காலையில் சாப்பிட்டது எங்கெங்கே போனது என்று பட்டியலிடு.

தோளைத் தாங்கிய தசை, ஒவ்வோர் அடியிலும் ஏறி இறங்கிய உடல், பள்ளத்தில் பிடித்த பிடி, வியர்வை, மூச்சு, இதயத் துடிப்பு என்று பிள்ளைகள் எழுதுவார்கள். சென்ற தவணையில் ஒரு மாணவி கடைசி வரியில் 'கொசு விரட்டிய கை' என்று எழுதியிருந்தாள். சரி போட்டு, பக்கத்தில் அதன் விசை, தூரம், ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை என்று மதிப்பிட்டு வரச் சொன்னேன். பாட்டியைக் கேட்டு எழுதி வந்திருக்கிறாள்.